இயற்கைக்கு உரிமையாளர் உண்டா?

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் மரபணுப் பரிசோதனைத் துறையில் ஆய்வைத் தொடங்கியிருப்பது அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். ஓய்வு பெற்ற பிறகு நான் பழைய காப்புரிமைத் தீர்ப்புகளை நிதானமாகப் படித்து வருகிறேன். அதனால், இயற்கையில் கண்டறிந்த ஒன்றுக்குக் காப்புரிமை தரலாமா என்று அவள் எழுப்பிய கேள்விக்கு இப்போதே எழுதிவிடத் தோன்றியது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012-இல் மேயோ – புரோமிதியஸ் வழக்கில் சொன்னது சரி என்பதே என் உறுதியான எண்ணம். குடல் அழற்சி போன்ற நோய்களுக்குத் தரும் தயோப்யூரின் மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில், அது சிதைந்து உண்டாகும் பொருள் ஓர் அளவுக்குக் குறைந்தால் மருந்து போதவில்லை, இன்னோர் அளவைத் தாண்டினால் தீங்கு நேரலாம் என்ற தொடர்புக்கே அங்கே காப்புரிமை கோரப்பட்டது. அந்தத் தொடர்பு உடலின் இயல்பு என்றும், மருந்து கொடுப்பது, அளவைச் சோதிப்பது போன்ற வழக்கமான படிகளைச் சேர்ப்பதால் அது புத்தாக்கமாகிவிடாது என்றும் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வேறு விதமாக முடிந்திருந்தால், சோதனை அறிக்கையைப் படித்து அதன் பொருளைச் சிந்திக்கும் மருத்துவரே உரிமை மீறியவராகியிருப்பார். அதை என்னால் ஏற்க முடியாது. மறு ஆண்டு மிரியாட் வழக்கில், மார்பகப் புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புடைய பிஆர்சிஏ மரபணுக்களைப் பிரித்தெடுத்ததற்காக மட்டும் உரிமை இல்லை என்றும், மரபணுவின் புரதக் குறிப்புப் பகுதிகளை மட்டும் கொண்டு ஆய்வகத்தில் உருவாக்கும் சிடிஎன்ஏ என்ற நகலுக்கு உரிமை பெறலாம் என்றும் அதே நீதிமன்றம் கோடு கிழித்தது.

என்னை உறுத்துவது 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த, சீக்வெனாம் என்ற சோதனை நிறுவனத்தின் வழக்கு. தாயின் இரத்தப் பிளாஸ்மாவில் கருவின் டிஎன்ஏ மிதப்பதை டென்னிஸ் லோவும் ஜேம்ஸ் வெயின்ஸ்கோட்டும் கண்டறிந்தார்கள். இரத்த அணுக்களை நீக்கியபின் எஞ்சும் திரவமான பிளாஸ்மா, அதுவரை வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட பகுதி. கருப்பைக்குள் ஊசி செலுத்தாமல், கருச்சிதைவு அபாயம் இன்றிச் சோதிக்க அந்தக் கண்டுபிடிப்பு வழி திறந்தது. ஆனாலும், வழக்கமான படிகளைச் சேர்ப்பது போதாது என்ற மேயோ தீர்ப்பின் அளவுகோலால், சீக்வெனாம் பயன்படுத்தி வந்த அவர்களது காப்புரிமை செல்லாமல் போயிற்று. அந்த அளவுகோலுக்குக் கட்டுப்பட்டே இதற்கு உடன்படுவதாக அந்த அமர்வின் நீதிபதி லின் தனியே எழுதினார். 2016-இல் உச்ச நீதிமன்றமும் அதை விசாரிக்க மறுத்தது.

உண்மையை யாரும் சொந்தமாக்கக் கூடாது. ஆனால் அதைக் கண்டு, அதுவரை எவரும் செய்யாத ஒரு சோதனையை அமைத்தவரின் உழைப்புக்குச் சட்டத்தில் இடம் வேண்டும். வழக்கமான கருவிகளையே பயன்படுத்தினார்கள் என்பதற்காக அந்தச் சோதனை முழுவதையும் இயற்கையின் கணக்கில் எழுதியது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆய்வகத்தில் இருப்பவள் என்ற முறையில் உன் மகள் இதை எப்படிப் பார்க்கிறாள் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்