"வாமிட் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள்

நெல்லைச் சீமையில் மருத்துவமனை நடத்துகிற பெரியவர்களுக்கும், அங்கே முதல் மேசையில் உட்கார்ந்து கேஸ் ஷீட் எழுதுகிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை காலை ஓ.பி. எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடையநல்லூரிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்த கூட்டம் மொத்தமும் உங்கள் மேசை முன்னால்தான் நிற்கும். அதனால் பெரிய சங்கதி எதையும் இழுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வியைத் திருத்திக் கேளுங்கள் என்றுதான் சொல்ல வந்தேன். அந்தக் கேள்வி, "வாமிட் இருக்கா?"

என் தங்கச்சி மகன், பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத பிள்ளை, பால் குடிப்பதும் வெளியே தள்ளுவதுமாக இருந்தான். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பேர் வேண்டாம். எந்த ஆஸ்பத்திரியிலும் நடந்திருக்கக்கூடியதுதான். தங்கச்சி சிசேரியன் வலியோடு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். பதில் சொன்னதெல்லாம் எங்கள் ஆச்சி.

"பாட்டி, பேபிக்கு வாமிட் இருக்கா?"

"வாமிட்டெல்லாம் இல்லம்மா. கக்கத்தான் செய்யுதான்."

"அது எல்லா பேபியும் செய்யும் பாட்டி."

பேனா அடுத்த வரிக்குப் போய்விட்டது. காய்ச்சல் இல்லை, வாமிட்டிங் இல்லை. டோக்கன் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். முற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம். கடைசியில் டாக்டரம்மா முன்னால் போய் நின்றபோது பிள்ளை மறுபடியும் கக்கினான். வெள்ளைத் துண்டில் பாகற்காயைப் பிழிந்து விட்ட மாதிரி பச்சை. அந்தம்மா சட்டென்று எழுந்துவிட்டார். "காலைல இருந்து இப்படியா?" என்று கேட்டதும், ஆச்சி வயர்கூடைக்குள் கையை விட்டு மூன்று துண்டுகளை எடுத்து மேசைமேல் விரித்தாள். எல்லாம் பச்சை.

அந்தக் கூடை முதல் மேசையிலும் ஆச்சியின் கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பச்சை என்றால் என்ன அர்த்தம் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பச்சை பித்தநீர். இரைப்பைக்குக் கீழே குடலில் வந்து சேருவது. அது மேலேறி வாய்வழியாக வருகிறதென்றால், கீழே எங்கோ வழி அடைபட்டிருக்கலாம். குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் ரத்த ஓட்டம் நின்று குடல் அழுக ஆரம்பிக்கும். அதற்கு நாள் கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான். பச்சைப்பிள்ளை பச்சையாக எடுத்தால், வேறு காரணம் என்று உறுதியாகும்வரை அதை அவசரமாகவே பார்க்க வேண்டும் என்று உங்கள் பாடப் புத்தகமே சொல்கிறது. எங்கள் பிள்ளைக்கு முறுக்குதான். அன்றைக்கே ஆபரேஷன் செய்து காப்பாற்றியதும் அதே ஆஸ்பத்திரிதான். அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு. ஆனால் முற்பகல் முழுக்க டோக்கனோடு உட்கார்ந்திருந்த கணக்கை நன்றியில் கழித்துக்கொள்ள முடியவில்லை.

ஆச்சி பொய் சொல்லவில்லை. அவள் அறிந்த வாமிட், கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பெரியவர்கள் எடுப்பது. மாஞ்சோலை பஸ் வளைவேறும்போது ஜன்னலோரம் தலையை நீட்டி எடுப்பது. குழந்தை எடுத்தால் அது கக்கல். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சத்தமாக வந்து ஒன்றும் விழாவிட்டால் ஓங்கரிப்பு. படுத்தவுடன் புளித்த தண்ணீர் நெஞ்சுவரை ஏறினால் எதுக்களிப்பு. வருகிற மாதிரி இருந்தும் வராவிட்டால் குமட்டல். சில வீடுகளில் வாந்திக்கே இன்றும் 'சத்தி' என்றுதான் பேர். வெளிமாவட்டத்திலிருந்து வந்த தங்கைகள் அதைக் கேட்டால் ஏதோ சாமி பேர் என்று நினைக்கக்கூடும்.

இதெல்லாம் கிழவிகளின் நுணுக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். நீங்கள் படித்த இங்கிலீஷிலும் இந்தப் பிரிவுகள் உண்டு. குமட்டலுக்கு நாசியா, ஓங்கரிப்புக்கு ரெச்சிங், எதுக்களிப்புக்கு ரிகர்ஜிடேஷன். குழந்தை பால் கக்குவதற்கு மட்டும் 'பொசெட்' என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சூடான பாலில் மதுவை ஊற்றித் திரைய வைத்த ஒரு பழைய பானத்தின் பேர் அது. அவர்களும் குழந்தையின் துண்டைப் பார்த்துத்தான் பேர் வைத்திருக்கிறார்கள். அத்தனையையும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டு, நோயாளியிடம் வரும்போது மட்டும் எல்லாவற்றையும் ஒரே வாமிட்டில் அடைத்து, உண்டா இல்லையா என்று கேட்டால் எப்படி? காப்பித்தூள் மண்டி மாதிரி வந்தால் இரைப்பையில் ரத்தம் கசிந்திருக்கலாம். சில வாரக் குழந்தை குடித்த பாலைப் பீச்சியடித்தால் இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகிற வாய் தடித்திருக்கலாம். வாய் ஓரம் கொஞ்சமாக வழிந்து, பிள்ளை சிரித்துக்கொண்டு கிடந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. உண்டு, இல்லை என்ற பதிலில் இதில் எது தெரியும்?

இங்கிலீஷ் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வாந்தி என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, வாமிட் என்றால் கொஞ்சம் சுத்தமாக இருக்கிறது என்று நாங்களும்தான் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். உங்கள் கட்டடத்தில் பலகை இங்கிலீஷ், சீட்டு இங்கிலீஷ், டிஸ்சார்ஜ் சம்மரி இங்கிலீஷ். பில் கட்டுகிற ஜன்னலில் மட்டும் நல்ல நெல்லைத் தமிழ். "அண்ணாச்சி, இன்னும் நாலாயிரம் கட்டணும்லா, எப்பக் கட்டுதிய?" அங்கே யாருக்கும் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. இன்சூரன்ஸ் படிவத்தைப் பற்றி ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான். முதல் மேசையில் "வாமிட் இருக்கா?" என்பதோடு நிறுத்தாமல், "வாய்வழியா என்ன வந்துச்சு, என்ன நெறம், தானா வழிஞ்சுதா பீச்சியடிச்சுதா, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?" என்று கேளுங்கள். துண்டோ துணியோ கையில் இருந்தால் வாங்கிப் பாருங்கள். ஆச்சி "கக்குதான்" என்று சொன்னால் அதை இங்கிலீஷில் திருப்பாமல் "கக்குதான்" என்றே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். உள்ளே இருக்கிற டாக்டர் இந்த ஊர்க்காரர் என்றால் அதைப் பார்த்து இன்னொரு கேள்வி கேட்பார், வெளியூர்க்காரர் என்றால் அது என்னவென்றாவது கேட்பார். இதற்கு மிஷின் வாங்க வேண்டாம், புது ஆள் போட வேண்டாம். புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு ஒரு அரைமணி நேரம் இந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுத்தால் போதும். சொல்லிக்கொடுக்க ஆள் தேடவும் வேண்டாம். உங்கள் வார்டு கூட்டுகிற அக்காவைக் கேட்டாலே அத்தனையும் சொல்வார்.

தயவுசெய்து இந்த மாதமே ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தாய்மாமன்