டிசம்பரில் முந்திப் பறக்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் ஆரம்பப் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். நான் தென் லண்டனில் ஒரு ஆரம்பப் பாடசாலையில் வகுப்பு உதவியாளராக வேலை செய்கிறேன். சப்பாத்து நாடா கட்டிவிடுவது முதல் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்பது வரை ரீச்சருக்குப் பக்கத்தில் நின்று செய்கிற ஆள். டிசம்பர் முதற் கிழமை தாண்டியதும் வகுப்பில் சில கதிரைகள் வெறுமையாகத் தொடங்கும். அவற்றில் எங்கள் ஆட்களின் பிள்ளைகளுடைய கதிரைகளும் இருக்கும். "கொழும்புக்கு ரிக்கெற் போட்டாச்சு. கடைசி ரெண்டு கிழமையும் என்ன படிப்பா நடக்குது, விளையாட்டுத்தானே" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போவீர்கள். இந்த மடல் அந்த 'விளையாட்டுத்தானே' பற்றியது.

முதலில் காசுக் கதையை முடித்துவிடுவோம். 2024 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே விதி. பத்துப் பாடசாலைக் கிழமைகளுக்குள் அனுமதியில்லாமல் ஐந்து நாள் தவறினால் தண்டப்பணம் வரலாம். ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 80 பவுண்ஸ்; 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் என்றால் 320 பவுண்ஸ். அதே பிள்ளைக்கு மூன்று வருடத்துக்குள் இரண்டாம் தடவை என்றால் நேரே 160. மூன்றாம் தடவை நீதிமன்றம் வரை போகலாம். நீங்கள் இதையும் ரிக்கெற் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு "அப்பவும் லாபம்" என்கிறீர்கள். கணக்குச் சரிதான். லீவு தொடங்கியதும் விமானக் கட்டணம் எப்படி ஏறும் என்று எனக்கும் தெரியும். அதனால் தண்டப்பணத்தைக் காட்டி உங்களை வெருட்ட நான் வரவில்லை.

அந்த இரண்டு கிழமைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லத்தான் வந்தேன்.

இயேசு பிறப்பு நாடகத்தையே எடுப்போம். ஆண்டு 1-க்கு முந்திய வகுப்பான ரிசெப்ஷனும் ஆண்டு 1, 2 பிள்ளைகளும்தான் பெரும்பாலும் நடிப்பார்கள். மரியாள், யோசேப்பு, சத்திரக்காரர், மூன்று ராசாக்கள், தலையில் கோப்பை துடைக்கிற துவாய் கட்டிய இடையர்கள், அப்புறம் ஒரு மந்தை ஆடுகள். பாத்திரம் அறிவித்த அடுத்த நாள் காலையில் தமிழ் அம்மா ஒருவராவது வந்து கேட்பார்: "என்ர பிள்ளைக்கு ஏன் ஆடு?" சிரிக்காமல் பதில் சொல்லப் பழகிவிட்டேன். ஆடு என்றால் சும்மா இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை இருபது நிமிடம் மேடை ஓரத்தில் குந்தியிருந்து, மற்றவன் சொல்லும் வசனத்தைக் கவனித்து, தன் முறை வந்ததும் எழும்ப வேண்டும். பெரியவர்களின் கூட்டத்தில் எத்தனை பேரால் அது முடிகிறது?

இங்கிலாந்தின் தேசிய பாடத்திட்டத்தில் பேச்சுமொழி ஒரு தனிப் பகுதி. உரையாடுவது, முன்னால் நின்று சொல்வது, நடிப்பது எல்லாம் அதில் எழுத்திலேயே இருக்கிறது. வீட்டில் தமிழ் மட்டும் கதைத்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியில்தான் கூடுதல் உதவி தேவைப்படுகிறது. எழுத்துகளின் ஒலிகளை அவர்கள் மளமளவென்று பிடித்துவிடுவார்கள். வீட்டில் நீங்களும் மாய்ந்து மாய்ந்து சொல்லிக்கொடுப்பீர்கள். ஒரு முழு வசனத்தை, இருநூறு பேர் இருக்கிற மண்டபத்தின் பின்வரிசைக்குக் கேட்க, நிறுத்தி நிதானமாகச் சொல்வதை எந்த டியூஷனில் வாங்குவீர்கள்? நவம்பர் முழுக்க அந்த ஒரு வசனத்தைப் பாடமாக்கி, நாடகத்துக்கு முதல் நாள் விமானம் ஏறிய பிள்ளையின் இடத்தில் இன்னொரு பிள்ளையை அவசரமாக நிறுத்துகிற வேலை எங்களுக்குப் பெரிதில்லை. போன பிள்ளைக்கு அந்த மேடை திரும்ப வராது. ஆண்டு 3-க்குப் போனபின் பல பாடசாலைகளில் அவர்கள் கரோல் பாடும் கூட்டத்தில் ஒருவர்தான்.

நத்தார் சந்தைக்கு வருவோம். ஆண்டு 2 கணிதத்தில் காசு கூட்டுவதும் மிச்சக்காசு கொடுப்பதும் பாடமாகவே இருக்கிறது. அதைப் பயிற்சித்தாளில் படித்துக் களைத்த பிள்ளை, தான் செய்த கடதாசி நட்சத்திரத்தை 35 பென்ஸுக்கு விற்று, ஒரு பவுண் குற்றியை வாங்கி, மிச்சம் 65 என்று விரல் விட்டு எண்ணிக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் வீடுகளில் காசு இப்போது பெரும்பாலும் அட்டையிலும் ஃபோனிலும்தான் போகிறது. குற்றிகளைக் கையால் தொட்டு எண்ணுவதற்குச் சில பிள்ளைகளுக்கு வருடத்தில் கிடைக்கிற ஒரே சந்தர்ப்பம் இதுதானோ என்றுகூட எனக்குச் சந்தேகம். ஆண்டு 4-இல் மின்சுற்று படிக்கிறார்கள்; பற்றரி, சின்ன மின்குமிழ், செப்புநாடா வைத்து நத்தார் கலைமான் ருடோல்ஃபின் சிவப்பு மூக்கு எரிகிற வாழ்த்து மட்டை செய்யலாம். ஆண்டு 1-இல் பருவங்களும் பகலின் நீளமும். டிசம்பரின் நடுப்பகுதியில் லண்டனில் நாலு மணிக்கு முன்னமே சூரியன் விழுந்துவிடும். பாடசாலை விட்டு வீடு போய்ச் சேரும் நேரமே இருட்டு. பாடத்தை வாசலிலேயே காணலாம். நீங்கள் லீவு தொடங்கியபின் யாழ்ப்பாணம் போனால், அங்கே பகல் பதினொன்றரை மணி நேரம் அளவில் நீளும். இங்கே எட்டு மணி நேரமும் இல்லை. பிள்ளையை அதைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஜனவரியில் வகுப்பில் காட்ட அதைவிட நல்ல பொருள் இல்லை.

சில பாடசாலைகள் கிறிஸ்டிங்கிள் செய்யும். தோடம்பழத்தைச் சுற்றிச் சிவப்பு நாடா, நடுவில் ஒரு மெழுகுதிரி, இனிப்புக் குத்திய நாலு குச்சிகள். பழம் உலகம், குச்சிகள் நாலு பருவங்கள், மெழுகுதிரி கிறிஸ்து. 1747-இல் ஜெர்மனியில் மொராவிய சபையார் தொடங்கிய வழக்கம். இங்கிலாந்தில் 1968-இல் சிறுவர்களுக்கான ஒரு தொண்டு நிறுவனம் காசு சேர்க்க அதைக் கையில் எடுத்தது. நத்தார் ஸ்வெட்டர் போட்டு ஓரிரு பவுண்ஸ் கொடுக்கிற நாளும் அப்படித்தான். 2012 முதல் சேவ் த சில்ட்ரன் என்ற தொண்டு நிறுவனம் நடத்துகிறது. அதற்காகப் புது ஸ்வெட்டர் வாங்கத் தேவையில்லை. பழைய ஸ்வெட்டரில் பருத்திப் பஞ்சை ஒட்டினால் பனிமனிதன். வாங்க முடியாத வீடுகளை நினைத்துப் பல பாடசாலைகளே அதைத்தான் சொல்கின்றன.

கையில் காசில்லாத வீடுகளுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கிற உணவு வங்கிக்கான பெட்டியும் வகுப்பு வாசலில் இருக்கும். நத்தார் வரை நாளெண்ணும் அட்வென்ட் நாட்காட்டியில் நாளுக்கொரு சொக்லேற் எடுப்போமே, அதைத் தலைகீழாக்கி, நாளுக்கொரு ரின் உணவைப் பிள்ளை பெட்டிக்குள் வைக்கும். எத்தனை பருப்பு ரின், எத்தனை பாஸ்தா என்று வரைபடம் போடும். பெட்டி யாருக்குப் போகிறது என்று கேட்கும். சில நேரம் அந்தப் பதில் பக்கத்துக் கதிரையில் இருக்கும். அதனால் நாங்கள் கவனமாகக் கதைப்போம். முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பாடுகிற நாளைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். அப்பம்மாவும் அம்மம்மாவும் கடலுக்கு அப்பால் இருக்கிற எங்கள் பிள்ளைகள், முன்வரிசைக் கிழவியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

"நாங்கள் சைவம், எங்களுக்கு ஏன் இது" என்று சிலர் நேரடியாகவே கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். பாடசாலையின் கூட்டு வழிபாட்டிலிருந்தும் சமய பாடத்திலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை இங்கே பெற்றோருக்குச் சட்டப்படி உண்டு. அதிபருக்கு ஒரு கடிதம் போதும். ஆனால் முடிவெடுக்கமுதல் ஒன்றை யோசியுங்கள். சில கிழமைகளுக்கு முன்னர்தான் அதே வகுப்பில் தீபாவளிக்கு ராமர் கதை சொல்லி விளக்குச் செய்தோம். போலந்துப் பிள்ளையும் சோமாலியப் பிள்ளையும் களிமண்ணில் அகல் பிடித்தார்கள். ஊரில் பாடசாலை நத்தார் ஒளிவிழாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுச் சம்மனசாக நின்ற சைவப் பிள்ளைகள் உங்களில் எத்தனை பேர்? பாலன் குடிலுக்கு வைக்கோல் பொறுக்கியதால் யாரும் திருநீறு பூசுவதை விடவில்லை.

சரி, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். தவணை முடியும் திகதி பாடசாலையின் இணையத்தளத்தில் பல மாதங்களுக்கு முன்னரே இருக்கும். பக்கத்துப் பாடசாலையின் திகதியைப் பார்த்து ரிக்கெற் போடாதீர்கள், சில இடங்களில் அது வேறுபடும். கடைசி நாள் பல பாடசாலைகள் வெள்ளெனவே விட்டுவிடும். அன்று இரவு விமானம் ஏறலாம். கூடப்பிறந்தவரின் கலியாணம், வீட்டில் ஒரு சாவு என்றால் அதிபரிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். விதிவிலக்கான காரணம் என்று அவர் நினைத்தால் அனுமதி கொடுக்க அவருக்கு இடமிருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஜனவரியில் பிள்ளை முதல் வேலையாகக் கடற்கரைக் கதையை எங்களுக்குச் சொல்லிவிடும்.

ஊருக்குப் போகாமல் இங்கேயே நிற்கிறவர்கள் பாடசாலை வாசலோடு திரும்பிவிடாமல் உள்ளே வாருங்கள். சந்தைக்கு மேசை போட, தேநீர் ஊற்ற ஆள் இல்லாமல் பெற்றோர் சங்கத்தில் எப்போதும் அதே நாலு பேர்தான் ஓடித் திரிகிறார்கள். ஆங்கிலம் தடுக்கும் என்று தயங்க வேண்டாம், மிச்சக்காசு கொடுக்கிற ஆங்கிலம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ரோல்ஸும் வடையும் மேசைக்கு வந்தால் மின்ஸ் பை என்ற நத்தார் இனிப்புப் பலகாரம் தட்டில் கிடக்க, அவைதான் முதலில் தீரும். ஆனால் கொண்டுவருகிறவர்கள் உள்ளே என்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டுங்கள்; முட்டை, பால், மா, எள்ளு எல்லாம் கட்டாயம். கச்சான், கஜு சேர்ந்த எதுவும் பாடசாலைக்குள் வேண்டாம்.

இப்படிக்கு,
தென் லண்டனில் ஒரு வகுப்பு உதவியாளர்