பச்சை விளக்கு எரிகிறது, கேமரா தெரியவில்லை: வயர்லெஸ் பிரிட்ஜ் குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்

பொருள்: ஒரே பெட்டியில் வந்த இரண்டு ஆக்சஸ் பாயிண்ட்டுகள் (ஏபி, அதாவது வயர்லெஸ் சிக்னல் அனுப்பிப் பெறும் கருவிகள்) ஒன்றோடொன்று ஒத்துப்போகாதது, மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தொலைபேசியில் பேசியாயிற்று, மின்னஞ்சல் அனுப்பியாயிற்று, நேரிலும் வந்தாயிற்று. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு புகார் எண் கொடுக்கிறீர்கள்; பழைய எண்ணை மூடிவிடுகிறீர்கள். மூடிய கையோடு, 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள்' என்று குறுஞ்செய்தியும் வருகிறது. என்ன தீர்ந்தது என்று யாராவது எனக்குச் சொன்னால் நல்லது.

நான் ஆனைமலைப் பக்கம் சொந்தமாகக் கொப்பரைக் களம் வைத்துப் பிழைப்பவன். இணைய இணைப்பு வீட்டுக்கு வந்திருக்கிறது. களம் அங்கிருந்து சுமார் 300 மீட்டர் தள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டருக்கு மேல் தாங்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் 'ஐந்து கிலோமீட்டர் வரை' என்று அட்டையில் அச்சடித்திருக்கும் உங்கள் வயர்லெஸ் பிரிட்ஜ் ஜோடியை, கேபிள் இல்லாமல் இரண்டு இடங்களை இணைக்கும் பாலத்தை, வாங்கினேன். மொட்டை மாடியில் குழாய் நட்டு ஒன்று, களத்துக் கொட்டகை மேல் இன்னொன்று. களத்தில் பல கருவிகளை ஒரே இணைப்பில் சேர்க்கும் ஒரு நெட்வொர்க் சுவிட்ச், அதில் நான்கு கேமராக்கள், எடை போடும் இடத்தில் ஒரு கணினி. இவ்வளவுதான் என் நெட்வொர்க்.

இரண்டு ஏபிக்களும் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. சிக்னல் மைனஸ் 58 டிபிஎம் காட்டுகிறது, அது நல்ல அளவுதான். இரண்டிலும் பச்சை விளக்கு. வீட்டில் உட்கார்ந்தபடி களத்து ஏபியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்க முடிகிறது. களத்து ஏபியில் லேப்டாப்பை நேரடியாகச் செருகினால் இணையமும் வருகிறது. ஆனால் சுவிட்சைச் செருகிய மாத்திரத்தில், அதன் பின்னால் இருக்கும் கருவிகளில் ஏதோ ஒன்றுக்கு மட்டும் வழி கிடைக்கிறது. மற்றவை செத்துக் கிடக்கின்றன. டபிள்யூடிஎஸ் (ஏபிக்களைப் பாலமாக இணைக்கும் முறை) அமைப்பு 'தானியங்கி' நிலையில் இருந்தால் இந்தக் கூத்து. அதையே கட்டாயமாக 'இயக்கு' என்று வைத்தால் இணைப்பே அறுந்துபோகிறது.

இதன் பொருள் உங்கள் பொறியாளருக்கு ஒரு நிமிடத்தில் விளங்க வேண்டும். பாலம், பின்னால் இருக்கும் கருவிகளின் முகவரியையும் சேர்த்துச் சுமக்கும் நான்கு முகவரி முறைக்கு வராமல், வைஃபையில் இணையும் சாதாரண கருவி (கிளையண்ட்) போல மூன்று முகவரி முறைக்கு இறங்கிவிடுகிறது. அதனால் அந்தக் கருவிகளின் மேக் முகவரிகள் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்கள்) இந்தப் பக்கம் வந்து சேர்வதில்லை. தேங்காய் உடைக்கிறவனுக்கே இது புரிந்துவிட்டது. பொருளைச் செய்தவர்களுக்குப் புரியவில்லை என்றால் நான் எப்படி நம்புவது?

உங்கள் உதவி மையத்தில் மரியாதையாகப் பேசியவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த 'மூத்த தொழில்நுட்ப அலுவலர்' என்று இணைத்துக் கொடுத்தார்களே, அவரை என்னால் மறக்க முடியாது. நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள், "இரண்டு ஏபிக்கும் ஒரே ஐபி முகவரி இருக்கும், மாற்றுங்கள்" என்றார். மாற்றியிருக்கிறேன் ஐயா, கடைசி எண் ஒன்றுக்கு 251, மற்றதற்கு 252, தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபியை இரண்டிலும் அணைத்திருக்கிறேன், ரவுட்டர் மட்டும்தான் முகவரி கொடுக்கிறது என்றேன். சேனலைத் தானியங்கியில் விடாதீர்கள் என்றார். 149இல் நிறுத்தியிருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "உங்கள் ஊரில் தென்னை மரம் அதிகம், அதுதான் பிரச்சினை. நெட்வொர்க் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் போனைக் கொடுங்கள்."

மரம் மறைத்தால் லேப்டாப்புக்கும் சேர்த்துத்தானே மறைக்கும்? கேமராவுக்கு மட்டும் பார்த்து மறைக்கும் தென்னை மரத்தை நான் இத்தனை வருடத்தில் கண்டதில்லை. நடுவில் வாய்க்கால் மேடுதான், மரம் கிடையாது என்று புகைப்படமும் அனுப்பியிருந்தேன். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் போனை வைத்துவிட்டார். அந்த உரையாடல் 'பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது' என்று உங்கள் இயந்திரக் குரலே சொன்னது. எடுத்துக் கேளுங்கள்.

அதைவிடக் கொடுமை கோவைப் பயணம். இரண்டையும் கழற்றிக் கொண்டுவந்தால்தான் பார்ப்போம் என்றார்கள். ஏணி வைத்து ஏறிக் கழற்றி, சாக்குப் பையில் போட்டு, பஸ் பிடித்து வந்தேன். கவுன்ட்டரில் இருந்த பையன் இரண்டையும் மேசை மேல் ஒரு முழ இடைவெளியில் எதிரும் புதிருமாக வைத்தான். தன் லேப்டாப்பைச் செருகினான். ஒரு இணையதளம் திறந்தது. 'பழுது இல்லை' என்று முத்திரை குத்திப் பரிசோதனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டான். ஒரு சுவிட்சைப் போட்டு இரண்டு கருவிகளைச் சேர்த்துச் சோதித்துப் பார் தம்பி என்று கெஞ்சினேன். "அது எங்கள் சோதனைப் பட்டியலில் இல்லை" என்று பதில். சரியாக ஓடும் என்று நான் முதல் நாளே சொன்ன ஒன்றைச் சோதித்துக் காட்டுவதற்கா கட்டணம்?

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போதுதான் பின்பக்க ஸ்டிக்கர்களை ஒன்றாகப் பிடித்துப் பார்த்தேன். மாடல் எண் ஒன்றே. ஆனால் பதிப்பு ஒன்றில் வி1, மற்றதில் வி3. உள்ளிருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரும் வேறு வேறு. உங்கள் தளத்தில் வி1க்குப் புதிய ஃபர்ம்வேரே கிடையாது. வி3இன் கோப்பை வி1இல் ஏற்றக் கூடாது என்று நீங்களே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கிறீர்கள். டபிள்யூடிஎஸ் என்பது வைஃபை கூட்டமைப்பு சான்றளித்த பொது நெறி அல்ல. சிப் மாறினால் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வேறு நிறுவனத்துப் பொருளோடு நான் இணைத்திருந்தால் என்னைக் குறை சொல்லலாம். இது நீங்களே 'ஜோடி' என்று ஒட்டி விற்ற பெட்டி. கிடங்கில் மிஞ்சிய பழையதையும் புதியதையும் சேர்த்துக் கட்டி என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இதையும் மின்னஞ்சலில் எழுதினேன். வந்த பதில், 'ரீசெட் செய்து பார்க்கவும்'.

நட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே சாரல் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கேமராவில் மேகம் கறுப்பதைப் பார்த்தால் வீட்டிலிருந்தே ஆளைக் கூப்பிட்டுத் தார்ப்பாய் போடச் சொல்வேன். கேமரா இல்லாததால் காய்ந்துகொண்டிருந்த தேங்காய்ப் பருப்பு முழுதும் நனைந்து பூசணம் பிடித்தது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏலத்தில் முதல் தரமாகப் போக வேண்டியது இரண்டாம் தரத்துக்கு இறங்கியது. கொட்டகையில் மூட்டைகளும் குறைகின்றன. எடுத்தது யார் என்று பார்க்கப் பதிவு இல்லை. இந்தப் பருவமே என் கையை விட்டுப் போய்விட்டது, அதற்கு நீங்கள்தான் காரணம்.

உங்கள் பொருளின் மேல் எனக்குப் பகை இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் இதே மாடல், இரண்டும் வி3, நன்றாகவே ஓடுகிறது. ஆகவே பணிவாகக் கேட்கிறேன்: ஒரே பதிப்பில் உள்ள ஜோடியை என் முகவரிக்கே அனுப்பிப் பழையதை எடுத்துச் செல்லுங்கள், இல்லையேல் முழுத் தொகையைத் திருப்பித் தாருங்கள். எப்படியானாலும் பரிசோதனைக் கட்டணம் திரும்ப வர வேண்டும். இனி எதையும் கழற்றிக்கொண்டு நான் கோவைக்கு வர மாட்டேன்.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 'வணிகப் பயன்பாடு' என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று உங்கள் சட்டப் பிரிவு நினைக்க வேண்டாம். சுயதொழிலில் பிழைப்பு நடத்த வாங்கியவனும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். இந்த விலைப் பொருளுக்கு மனுக் கட்டணமும் இல்லை.

ரசீது, இரண்டு ஸ்டிக்கர்களின் படம், டபிள்யூடிஎஸ் பக்கத்தின் படம், 'பழுது இல்லை' முத்திரையிட்ட தாள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஆனைமலை.

பி.கு.: அழைப்பதானால் மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டு எண்ணில் அழையுங்கள். அதுவரை களத்தில் இருப்பேன். அங்கே செல்போனும் எடுக்காது. அந்த மூத்த அலுவலரைத் தவிர யார் பேசினாலும் சம்மதம்.