டிஸ்னி வேர்ல்டில் நாங்கள் இருவர் மட்டும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு ஆடியில் பிரசவம், விசா கைக்கு வந்துவிட்டது, நீயும் அண்ணனும் சேர்ந்தே அமெரிக்காவுக்கு, ஃப்ளோரிடாவில் மகள் இருக்கிற டாம்பாவுக்கு வருகிறீர்கள் என்று படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தேன். எத்தனை வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்! நான் உனக்கு எழுத நினைத்திருந்த விஷயமும் டாம்பாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஓர் இடத்தைப் பற்றியதுதான், அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

தையில் எங்கள் கல்யாணத்துக்கு வெள்ளிவிழா வந்ததல்லவா, இங்கே அட்லாண்டா பக்கத்து ரிவர்டேல் பெருமாள் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு நேராக ஆர்லாண்டோ கிளம்பிவிட்டோம். டிஸ்னி வேர்ல்டுக்கு. பிள்ளைகள் இரண்டு பேரும் கல்லூரியில் இருக்கிறார்கள், அவர்களை அழைக்கவும் இல்லை. "குழந்தைகள் இல்லாமல் அங்கே என்ன பண்ணுவீங்க?" என்று கேட்காத ஆளில்லை. அம்மாகூட ஃபோனில் அதையேதான் கேட்டார்கள். ஆனால் வால்ட் டிஸ்னி சொன்ன கதை வேறு. லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிஃபித் பூங்காவில் தன் இரண்டு பெண்களையும் குதிரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தாராம், பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து அனுபவிக்கிற மாதிரி ஓர் இடம் இருக்க வேண்டாமா என்று அங்கேதான் தோன்றியதாம். நானும் இவரும் அந்த பெஞ்சிலேயே பல வருஷம் உட்கார்ந்திருந்தோம் என்று வைத்துக்கொள். பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போது ஒருமுறை அங்கே போனதுண்டு, அதில் எனக்கு நினைவிருப்பதெல்லாம் பை, தண்ணீர் பாட்டில், யாருக்குப் பசி, யாருக்கு ஒன்றுக்கு வருகிறது, இவ்வளவுதான்.

அட்லாண்டாவிலிருந்து காரில்தான் போனோம். ஐ-75 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கிக்கொண்டே இருக்க வேண்டியது, ஜார்ஜியா முடிகிறவரை பீகான் கொட்டை விற்கிற விளம்பரப் பலகைகள். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டேன். அங்கே பூங்காவுக்குள்ளேயே வீட்டுச் சாப்பாட்டை எடுத்துப்போக விடுகிறார்கள், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. இதை முதலிலேயே உனக்குச் சொல்லிவிடுகிறேன், அண்ணனுக்கு மத்தியானம் சாதம் இல்லாமல் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

தங்கினது அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற விடுதியில். 2001-ல் திறந்தது, எங்கள் கல்யாணத்துக்கும் அதற்கும் ஒரே வயது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் நடுவில் மாடுகளை விட்டுச் சுற்றிலும் வீடு கட்டிக்கொள்வார்களே, அந்த அமைப்பில் லாட வடிவமாகக் கட்டியிருக்கிறார்கள், நடுவில் புல்வெளி, அதில் ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, மான் வகைகள் எல்லாம் உலவுகின்றன. புல்வெளியைப் பார்த்த அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டணம், அதைக் கொடுத்துவிட்டோம். மற்ற எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம், இதில் பிடிக்கக் கூடாது என்பது என் கட்சி. விடிகாலையில் நல்ல குளிர். ஃப்ளோரிடா என்றாலும் தை மாதத்தில் ஸ்வெட்டர் வேண்டும். பால்கனிக் கதவைத் திறந்தால் கீழே அங்கோலே மாடுகள். கிழக்கு ஆப்பிரிக்க மாட்டினம், ஒவ்வொரு கொம்பும் ஆள் கை கனத்துக்கும் மேலே, நம் காங்கேயம் காளையின் கொம்பை இன்னும் இரண்டு மடங்கு வளரவிட்ட மாதிரி இருக்கும். இவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலேயே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பூங்காவுக்குள் நுழைகிறபோது கல்யாண நாள் என்று சொன்னால் ஒரு வட்டமான பேட்ஜ் தருகிறார்கள், காசு கிடையாது. அதைக் குத்திக்கொண்டால் அன்று முழுக்க பஸ் ஓட்டுநர், ஐஸ்கிரீம் விற்கிறவர், பெருக்குகிறவர், கூட வரிசையில் நிற்கிறவர்கள் என்று முகம் தெரியாத எல்லாரும் வாழ்த்துகிறார்கள். முதலில் கூச்சமாக இருந்தது, மத்தியானத்துக்குள் பிடித்துப்போய்விட்டது. நம் பக்கத்தில் பையன் பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுவோம், பெண் வயசுக்கு வந்தால் ஊரைக் கூட்டுவோம், புருஷன் பெண்டாட்டியை நிறுத்தி நீங்கள் இவ்வளவு காலம் சேர்ந்திருந்தீர்களே என்று அறுபதாம் கல்யாணத்துக்கு முன்னால் யார் வாழ்த்துகிறார்கள் சொல்லு?

அன்று ராத்திரி விடுதியின் இன்னொரு பகுதியில் சனா என்கிற உணவகத்தில் சாப்பிட்டோம். ஆப்பிரிக்கச் சமையலில் நம் மசாலாவைச் சேர்த்துச் செய்கிறார்கள். நான் ரொட்டி, வெங்காயக் குல்ச்சா என்று பலவகை ரொட்டிகள், தொட்டுக்கொள்ளச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் தயிர்ப்பச்சடி, மல்லிச் சட்னி, மாங்காய், ஊறுகாய் என்று ஒரு பெரிய தட்டு. சன்னலுக்கு வெளியே வரிக்குதிரை. பரிமாறின பெண்ணின் சட்டைப் பட்டையில் பேருக்குக் கீழே ஊர் போட்டிருந்தது (அங்கே எல்லாருக்கும் அப்படித்தான்), டர்பன், தென்னாப்பிரிக்கா. நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "நீங்கள் தமிழா? நாங்களும்தான்" என்று இங்கிலீஷில் சொன்னாள். 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் முதல் கூலியாட்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குப் போய் இறங்கினார்கள், அதற்குப் பின்னால் கரும்புத் தோட்டத்துக்கென்று வருஷக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனார்கள், அப்படிப் போன ஒரு குடும்பம் அவளுடையது. தமிழ் பேச வராது. ஆனால் அவள் அம்மா வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்கு விரதமிருந்து காவடி எடுக்கிறாராம், அலைபேசியில் படம் காட்டினாள். மஞ்சள் சேலை, மயிலிறகு, கொய்யாப்பழ நிறத்தில் சாமந்தி, பழனிக்குப் போகிற கூட்டத்தில் அந்தம்மாவை விட்டால் வித்தியாசமே தெரியாது. எங்கள் கல்யாணம் தைப்பூசத்துக்கு மறுநாள் நடந்தது என்று சொன்னதும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். கேட்காமலேயே ஓர் இனிப்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டதடி.

டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கிற பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டத்தில் இவருக்குள் இருக்கிற சிவில் எஞ்சினியர் விழித்துக்கொண்டுவிட்டார். நாம் நடப்பது தரை இல்லையாம், முதல் மாடியாம்! ஃப்ளோரிடாவில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும் என்பதால் பூமிக்குள் சுரங்கம் வெட்டாமல், தரைமட்டத்திலேயே நடைவழிகளைக் கட்டி, எதிரே ஏரிக்காகத் தோண்டின மண்ணைக் கொட்டி மூடி, அதன்மேல் பூங்காவை எழுப்பியிருக்கிறார்கள். வேலை செய்கிறவர்கள் வேஷத்தோடு அந்தக் கீழ்வழியில்தான் போய்வருகிறார்கள், குப்பையும் குழாய் வழியாகக் காற்றால் இழுக்கப்பட்டுப் போய்விடுகிறது. பூங்கா நடுவில் இருக்கிற அரண்மனை 189 அடிதான், மேலே போகப் போகக் கல்லையும் சன்னலையும் சிறிதாக்கிக்கொண்டே போயிருப்பதால் அண்ணாந்து பார்த்தால் அதைவிட உயரமாகத் தெரிகிறது. வால்ட் டிஸ்னி 1966-லேயே இறந்துவிட்டார். ஓய்வெடுக்க வேண்டிய வயதில் அவருடைய அண்ணன் ராய் பொறுப்பெடுத்துக் கட்டி முடித்து, 1971 அக்டோபரில் திறந்து, அதே டிசம்பரில் தானும் போய்ச்சேர்ந்துவிட்டார். தம்பி பேரைத்தான் இடத்துக்கு வைத்தார். இவர் இதைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இருந்தது, ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது.

மறுநாள் அனிமல் கிங்டம் பூங்காவில் சஃபாரி வண்டிக்கு வரிசை. பக்கத்தில் ஒரு குழந்தை அழுகிறது, எங்களுக்குக் கவனிக்க வேண்டிய யாரும் இல்லை, பேசுவதற்கும் பிள்ளைகள் விஷயம் தீர்ந்துபோயிற்று. அப்போது சொல்கிறார், 2010 வாக்கில் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று முடிவு செய்து, அப்பாவின் தோட்டத்தை விற்க வேண்டாம், நான் வந்து மாடு கட்டி விவசாயம் பார்க்கிறேன் என்று தன் அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தாராம். நான் அப்போதுதான் நர்சிங் படிப்பில் சேர்ந்திருந்தேன். என் படிப்பு நின்றுவிடும் என்று என்னிடம் வாயே திறக்காமல், கடைசியில் விற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். அந்தத் தோட்டம் போனது எனக்குத் தெரியும், தொட்டிக்கட்டு வீட்டோடு போயிற்று. அதற்குப் பின்னால் இப்படி ஒன்று இருந்தது தெரியாது. ஏங்க இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "கேட்கிற மாதிரி நேரம் எங்க இருந்துச்சு" என்றார். எனக்குக் கோபமா வருத்தமா என்று பிரிக்கத் தெரியவில்லை, வண்டி வந்துவிட்டது, ஏறி உட்கார்ந்தோம், ஒரு வளைவில் திரும்பினால் திரும்பவும் அந்தக் கொம்பு மாடுகள்! அன்று ராத்திரி பால்கனியில் வெகுநேரம் பேசினோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தாராபுரம் பக்கம் இரண்டு ஏக்கராவது பார்க்கலாம் என்று இருக்கிறோம். இதை இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே.

எப்காட் பூங்காவைப் பற்றி அதிகம் எழுதவில்லை. ஓர் ஏரியைச் சுற்றி 11 நாடுகளை வைத்திருக்கிறார்கள், இந்தியா இல்லை, அது எனக்குக் குறைதான். வாசலில் இருக்கிற 180 அடி உயர வெள்ளி உருண்டை மட்டும் மறக்காது. மழை பெய்தால் அதிலிருந்து சொட்டுத் தண்ணீர் கீழே நிற்கிறவர் மேல் விழாதாம், உள்ளுக்குள் வாங்கி ஏரிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

சரி, இப்போது நான் சொல்ல வந்தது. நீ ஆறு மாதம் இங்கே வந்து பத்தியம் சமைப்பாய், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவாய், ராத்திரி முழிப்பாய். அதெல்லாம் செய்ய வேண்டியதுதான், நானும் என் முறைக்குச் செய்வேன். ஆனால் இங்கே வருகிற எத்தனை அம்மாக்களைப் பார்த்துவிட்டேன், வந்த வேலையை முடித்துவிட்டு, சூட்கேஸைக் கட்டிக்கொண்டு, ஷாப்பிங் மாலும் கோயிலும் தவிர எதையும் பார்க்காமல், பக்கத்திலேயே இருந்த புருஷனோடு கால் மணி நேரம் உட்கார்ந்து பேசாமல் விமானம் ஏறிவிடுகிறார்கள். நீ அப்படிப் போக நான் விட மாட்டேன். உங்களுக்கும் அடுத்த தையில் முப்பது வருஷம் ஆகிறது, எனக்குக் கணக்கு இருக்கிறது. அதற்குள் குழந்தைக்குத் தலை நின்றிருக்கும். நான் லீவு போட்டுக்கொண்டு டாம்பா வந்து மகளையும் பேரக்குழந்தையையும் பார்த்துக்கொள்கிறேன், நீயும் அண்ணனும் இரண்டு ராத்திரி அந்த லாட்ஜில் இருந்துவிட்டு வாருங்கள். அண்ணனுக்கு முழங்கால் வலி என்று யோசிக்காதே, பூங்கா வாசலில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது, விடுதியிலிருந்து பூங்காக்களுக்கு பஸ்ஸும் இலவசம். எல்லாவற்றையும் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. சனாவில் மட்டும் முன்பதிவு செய்துகொள், அந்த டர்பன் பெண் இருந்தால் நான் விசாரித்ததாகச் சொல்.

டிக்கெட் போட்டதும் தேதியை அனுப்பு. திரும்பிப்போகிற தேதியைப் போடுவதற்கு முன்னால் என்னைக் கேள், அந்த லாட்ஜில் தையில் வார நாள்களில் அறை கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், அதை வைத்து நாள் பார்த்துக்கொள்ளலாம். வரும்போது எனக்குச் சுண்டைக்காய் வத்தல் மட்டும் கொண்டுவந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம். மகளை மத்தியானம் தவறாமல் படுக்கச் சொல்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் தோழி