மாநில உரிமை கேட்டது எந்தப் பக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரை படித்தேன். படங்களும் நடையும் நன்றாக இருந்தன. ஆனால், தென் மாநிலங்கள் பிரிந்தது மாநில உரிமைக்காகவும் வரிக் கொள்கைக்காகவும்தான், அடிமை முறை பின்னால் சேர்ந்துகொண்ட காரணம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்த வாதம் எனக்குப் பழக்கமானதுதான்.

வரி விஷயம் சின்னது. இறக்குமதி வரி 1857-இல் குறைக்கப்பட்டது. அதை மறுபடி உயர்த்திய சட்டம் 1861 மார்ச்சில்தான் வந்தது. அதற்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன.

சரி, மாநில உரிமை. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க 1850-இல் வாஷிங்டனில் இருந்த மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. தென் மாநிலத்தார் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிய சட்டம் அது. பிடிபட்டவருக்கு ஜூரி கிடையாது. தன் தரப்பைச் சாட்சியாகச் சொல்லவும் முடியாது. அவரை எஜமானிடம் அனுப்பினால் விசாரித்த ஆணையருக்கு 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். அனுப்புவதற்கு எழுத்து வேலை அதிகமாம்!

அடிமை மாநிலமான மிசௌரியிலிருந்து தப்பி வந்த ஜோஷுவா குளோவர் 1854-இல் வட மாநிலமான விஸ்கான்சினில் பிடிபட்டார். அந்த மாநிலத்தின் மில்வாக்கி நகரில் மக்கள் திரண்டு சிறைக் கதவை உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அவர் கனடா போய்ச் சேர்ந்தார். கூட்டத்தைத் திரட்டியதாக வழக்கில் சிக்கியவர் ஷெர்மன் பூத். அவரும் உங்களைப் போல ஒரு பத்திரிகை ஆசிரியர். விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது. 1859-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தபோது, மாநில உரிமையைச் சொல்லி எதிர்த்துத் தீர்மானம் போட்டது விஸ்கான்சின் சட்டமன்றம். தெற்கு அல்ல!

மறு வருடம் சார்ல்ஸ்டனில் ஜனநாயகக் கட்சி மாநாடு. இன்னும் மாநிலமாகாத புதுப் பிரதேசங்களில் அடிமை முறை வேண்டுமா என்பதைக் குடியேறியவர்களே முடிவு செய்யட்டும் என்பது அக்கட்சியின் வடக்குத் தலைவர் ஸ்டீபன் டக்ளஸ் அணியின் நிலை. தென் பிரதிநிதிகளுக்கு அது போதவில்லை. அடிமை உடைமைக்கு மத்திய அரசே அங்கே பாதுகாப்புத் தர வேண்டும் என்றார்கள். கிடைக்காததும் பலர் வெளிநடப்பு செய்தார்கள். கட்சி இரண்டாக உடைந்தது. நான்கு பேர் போட்டியிட்ட தேர்தலில் 40 சதவீத வாக்குகூட இல்லாமல், அடிமை முறை புதுப் பிரதேசங்களுக்குப் பரவுவதை எதிர்த்த லிங்கன் ஜெயித்தார்.

அப்புறம் 1860 டிசம்பரில் பிரிந்த தென் கரோலினா, தன் காரணங்களை அறிக்கையாகவே வெளியிட்டது. தப்பிய அடிமைகளை வட மாநிலங்கள் திருப்பித் தருவதில்லை என்பது அதில் பெரிய புகார். அடிமையோடு தன் மண்ணைக் கடந்து செல்லக்கூட நியூயார்க் விடவில்லை என்றும் ஒரு குறை. அதாவது, நியூயார்க் தன் மாநில உரிமையைப் பயன்படுத்தியதுதான் குற்றம்! பிரிந்தவர்கள் பிறகு எழுதிய அரசியல் சட்டத்தில், அடிமைகளோடு எந்த மாநிலத்துக்குள்ளும் போகலாம், தங்கலாம் என்று எழுதிவைத்தார்கள். அதைத் தடுக்கும் உரிமையை அவர்கள் தங்கள் மாநிலங்களுக்கே தரவில்லை.

இந்த இரண்டு ஆவணங்களையும் கட்டுரையாளர் ஒருமுறை படித்துவிட்டு, அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்