மண் தள்ளமுன் ஊசியைக் காட்டுங்கள்

திருகோணமலையில் எங்கள் ஒழுங்கைக் குழாய் வேலைக்குப் பொறுப்பான பொறியியலாளர்களுக்கும் கொந்தராத்துக்காரருக்கும்,

வணக்கம்.

ஒழுங்கையை மூன்றாம் முறையாக வெட்டுகிறீர்கள். ஏனென்று உங்களுக்குத் தெரியும்: மூட்டுகள் ஒழுகுகின்றன. 110 மில்லிமீற்றர் பிவிசி தண்ணீர் லைன் பதித்த அன்று மாலையே மண் தள்ளி, பிறகு கொங்கிரீட்டும் போட்டாயிற்று. அழுத்தச் சோதனை மட்டும் நடக்கவில்லை. மூடமுன் சோதித்துக் காட்டுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

இது கடற்கரை மண், வெட்டிய கரை நிற்காது. சரிகிற மணலில் ஒரு சிட்டிகை மூட்டின் றப்பர் றிங்குக்குள் அகப்பட்டாலே மூட்டு ஒழுகும். பைப் நுனியைச் சரித்து அராவி, துடைத்து, சவர்க்கார நீர் பூசி, எவ்வளவு உள்ளே போகவேண்டும் என்று கோடு போட்ட பிறகே தள்ளவேண்டும். கிரீஸ் பூசினாலும் வழுக்கிக்கொண்டு போகும்தான்; ஆனால் றப்பர் ஊதிக் கெட்டுவிடும். வெட்டிய குழியோரம் கிடந்ததோ கிரீஸ் டின்.

வளைவுகளையும் பாருங்கள். சோதனைக்கு ஏற்றும் 9 பார் அழுத்தத்தில் 110 பைப்பின் 90 பாகை வளைவு 1,200 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தோடு வெளியே தள்ளும். பின்னால் கொங்கிரீட் கட்டை இல்லாமல் இரண்டு கருங்கல்லை முண்டு கொடுத்தால் வளைவு கழன்றுதான் வரும்.

ஒழுகுவது தண்ணீர் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சப்ளை நிற்கும்போது லைனில் அழுத்தம் விழுகிறது. ஒழுகிய அதே வாயால் நிலத்தடி நீர் உள்ளே போகிறது. மாரியில் அந்த நீர் பைப் மட்டத்துக்கு ஏறிவிடும், மலக்குழிகளும் பக்கத்திலேயே. திரும்பத் தண்ணீர் வரும்போது முதல் வாளி கலங்கி மணக்கிறது. அதை ஊற்றிவிட்டு இரண்டாம் வாளியைக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். மீற்றர் இரண்டு வாளிக்கும்தான் ஓடுகிறது.

சோதனைக்கு வேண்டியது ஒரு கைப்பம்பு, அழுத்தத்தை ஊசியால் காட்டும் ஒரு கேஜ், இரண்டு முனைக்கும் அடைப்பு. மூட்டுகளைத் திறந்தே விட்டு, பைப்பின் நடுப்பகுதிக்கு மட்டும் மண் போடுங்கள். இல்லாவிட்டால் மழைக்கு வெறும் பைப் மிதக்கும். வளைவுகளின் கொங்கிரீட் கட்டைகள் இறுகியபின் தாழ்ந்த முனையால் மெல்ல நிரப்பி, உயர்ந்த முனையால் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். 6 பாரில் ஓடும் லைனுக்கு 9 பார் ஏற்றுங்கள். ஊசி இறங்கினால் ஈரமான மூட்டு கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். மூடியபின் என்றால் ஒழுங்கை முழுவதையும் கிளறவேண்டும்; கிளறிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்.

அதன்பின் லைனில் கிருமி நீக்கக் குளோரின். லீற்றருக்கு 50 மில்லிகிராம், 24 மணிநேரம். 100 மீற்றர் லைனுக்கு 30 வீத பிளீச்சிங் பவுடர் 130 கிராம் அளவில் போதும், ஒரு சுண்டுகூட நிறையாது.

கந்தளாய்க் குளத்து நீரைச் சுத்திகரித்து இவ்வளவு தூரம் கொண்டுவந்து கடைசி ஒழுங்கையில் மணலுக்கு வார்ப்பது என்ன கணக்கோ! திட்டப் பெயர்ப்பலகையின் அடியில் மட்டும் நல்ல கொங்கிரீட் போட்டிருக்கிறீர்கள். பலகையை அந்த வளைவுக்குப் பின்னால் நட்டிருந்தால் அதுவாவது தாங்கியிருக்கும்.

மன்னிக்கவேண்டும், கேட்க வந்தது அதுவல்ல. இம்முறை பெக்கோ மண் தள்ளமுன் கேஜோடு ஒருவரை அனுப்பிவையுங்கள். ஒழுங்கையிலிருந்து இரண்டு பேர் ஊசியைப் பார்த்துக் கையொப்பமிடுவோம். வருகிறவருக்குத் தேநீர் எங்கள் பொறுப்பு. முதல் வாளித் தண்ணீரில் போடமாட்டோம்.

இப்படிக்கு,
ஒழுங்கைவாசிகள்