க்யூபிட் எண்ணிக்கையோடு பிழை விகிதத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குவாண்டம் கணினி பற்றிச் செய்தி வந்தாலே தலைப்பில் க்யூபிட் (அந்தக் கணினியின் அடிப்படைக் கணக்கு அலகு) எண்ணிக்கைதான் இருக்கிறது. 53, 127, 1,121 என்று எண் ஏற ஏற கணினியின் திறனும் அதே அளவுக்கு ஏறுகிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். அது அவர் தவறில்லை, செய்தி அப்படித்தான் எழுதப்படுகிறது. மின்தடையே இல்லாத மீக்கடத்தியால் செய்த க்யூபிட்களைப் பொறுத்தவரை அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் இயக்கினால் பிழை எவ்வளவு கூடுகிறது?

இந்த க்யூபிட்கள் ஒரே சிப்பில் அருகருகே அமைந்த மின்சுற்றுகள். சுமார் 5 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் துடிப்புகள்தான் இவற்றுக்குக் கட்டளை. ஒன்றுக்கு அனுப்பும் துடிப்பு பக்கத்தில் இருப்பதற்கும் கொஞ்சம் கசியும், இரண்டின் அதிர்வெண்களும் நெருங்கியிருந்தால் அதன் நிலையும் கெட்டுவிடும். ஒரு க்யூபிட் இப்படிப் பக்கத்து க்யூபிட்டைப் பாதிப்பதைக் கிராஸ்டாக் என்பார்கள். இதையாவது எதிர்த்துடிப்பு அனுப்பி ஓரளவு சரிக்கட்டலாம். இன்னொரு தொல்லை எதுவுமே செய்யாமல் இருக்கும்போதும் நடப்பது. பக்கத்து க்யூபிட் 0-வில் இருக்கிறதா 1-இல் இருக்கிறதா என்பதைப் பொறுத்து இதன் அதிர்வெண் லேசாக நகரும், ஆய்வாளர்கள் இதை இசட்-இசட் பிணைப்பு என்கிறார்கள், நகர்வு சில பத்து கிலோஹெர்ட்ஸ்தான் என்றாலும் நேரம் ஆக ஆக க்யூபிட் நிலையின் கட்டத்தில் (phase) பிழை சேர்ந்துகொண்டே போகும். இரண்டு க்யூபிட்கள் சேர்ந்து கணக்குப் போட அவற்றுக்குள் பிணைப்பு வேண்டும், வேண்டாத நேரத்தில் அதே பிணைப்புதான் பிழைக்கும் காரணம், அதனால்தான் இதை முழுதாக ஒழிப்பது இவ்வளவு கஷ்டம்.

ஐபிஎம் தன் சிப்களில் ஒவ்வொரு க்யூபிட்டுக்கும் அதிகபட்சம் மூன்று அண்டைகள் மட்டும் இருக்கும்படி அமைப்பை மாற்றியது. கூகுள், பிணைப்பைத் தேவைப்படும்போது மட்டும் திறக்கும் கப்ளர்களை நடுவில் வைத்தது, 2023-இல் வந்த ஐபிஎம்மின் ஹெரான் சிப்பிலும் அப்படிப்பட்ட கப்ளர்கள் உண்டு. அதற்காகப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2019-இல் கூகுள் வெளியிட்ட சைக்கமோர் சிப் ஆய்வையே பாருங்கள், அதில் கப்ளர்கள் இருந்தன, இருந்தும் இரு க்யூபிட் செயல்களைத் தனித்தனியாக இயக்கியபோது சராசரி பிழை 0.36 சதவீதம், ஒரே சமயத்தில் இயக்கியபோது 0.62 சதவீதம். ஆயிரம் செயல்களுக்கு மூன்று நான்கு பிழை என்பது ஆறாகிவிட்டது. கணக்கு ஓடும்போது நடப்பது இந்த இரண்டாவது எண்தான்.

பல க்யூபிட்களைச் சேர்த்து ஒன்றுபோல் பயன்படுத்திப் பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பிழைத்திருத்தம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். 2024-இல் கூகுளின் வில்லோ சிப்பில் இதில் கிடைத்த முன்னேற்றம் பெரியது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முறைகள் பிழைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வரும்போதுதான் நன்றாக வேலை செய்யும். கிராஸ்டாக்கோ இரண்டு மூன்று க்யூபிட்களைச் சேர்த்தே கெடுக்கும்.

அதனால் கேட்கிறேன், அடுத்த முறை புதிய சிப் பற்றி எழுதும்போது எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே தனியாக இயக்கிய பிழை, சேர்ந்து இயக்கிய பிழை இரண்டையும் போடுங்கள். நிறுவனம் அதைச் சொல்லவில்லை என்றால், சொல்லவில்லை என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்